கார் திருடனை விரட்டும் இரும்புக் கம்பி!

பூட்டியவர் தப்பினார், பக்கத்துக் கார்க்காரர் மாட்டிக்கொண்டார்

ராத்திரி 2 மணி. தெரு ஓரத்தில் வரிசையாகக் கார்கள். ஒரு ஆசாமி மெதுவாக நடந்து வருகிறான். முதல் காரின் கண்ணாடி வழியே எட்டிப் பார்க்கிறான். ஸ்டீயரிங் சக்கரத்தின் குறுக்கே தடிமனான இரும்புக் கம்பி ஒன்று தெரிகிறது. ஒரு விநாடி நிற்கிறான். "சரிதான், இது வேலைக்கு ஆகாது" என்று அடுத்த காருக்கு நகர்கிறான்.

அந்தக் காரில் கம்பி இல்லை. பொழுது விடிந்ததும் சொந்தக்காரர் வந்து பார்க்கிறார். கார் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும்தான் இருக்கிறது!

உலகத்தில் எந்த ஊரிலும் நடக்கக்கூடிய சங்கதி இது. அந்தக் கம்பி திருட்டைத் தடுத்ததா? அல்லது திருடனை அடுத்த வாசலுக்கு அனுப்பி வைத்ததா? கார் திருட்டை ஆராய்ந்தவர்கள் பல வருஷமாகக் கேட்டுவரும் கேள்வி இதுதான்.

ஜீப்புக்குச் சங்கிலி

கார் சாமான் விற்கும் கடைகளில் இந்தக் கம்பிப் பூட்டு தொங்குவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். இதை உலகம் முழுக்கப் பிரபலம் ஆக்கியவர் ஜேம்ஸ் வின்னர் என்ற அமெரிக்க வியாபாரி. பென்சில்வேனியா மாநிலத்துக்காரர்.

இளவயதில் கொரியாவில் ராணுவ சேவை செய்தவர் அவர். அங்கே ஜீப்பை யாராவது கிளப்பிக்கொண்டு போய்விடாமல் இருக்க, ஸ்டீயரிங்கைச் சங்கிலியால் கட்டிப் பூட்டுவார்களாம். பல வருஷம் கழித்து அவருடைய சொந்தக் கார் திருட்டுப் போனது. சாதாரணக் கார் இல்லை, காடிலாக்! அப்போது அவருக்குப் பழைய ஜீப் சங்கிலி ஞாபகம் வந்தது. சங்கிலி கம்பியாக மாறியது.

1986-ம் ஆண்டு அது விற்பனைக்கு வந்தது. பெயர் 'தி கிளப்'. சீட்டாடும் கிளப் என்று நினைத்துவிடாதீர்கள். ஆங்கிலத்தில் கிளப் என்றால் தடி என்றும் அர்த்தம் உண்டு. டெலிவிஷன் விளம்பரத்தில் போலீஸ்காரர்களே வந்து "இதை மாட்டுங்கள்" என்று சொன்னார்கள். அவ்வளவுதான், சரக்கு பறந்தது. லட்சக்கணக்கில் விற்றது.

எப்படி வேலை செய்கிறது?

சங்கதி ரொம்ப சுலபம். ஒரு குழாய்க்குள் ஒரு கம்பி. இரண்டிலும் ஆளுக்கொரு கொக்கி. கம்பியை இழுத்தால் நீளும். இரண்டு கொக்கிகளும் ஸ்டீயரிங் வளையத்தின் உள்பக்கத்தில் எதிர் எதிராக மாட்டிக்கொள்ளும். பூட்டிவிட்டால் சாவி இல்லாமல் குறுகாது.

கம்பியின் வால் சக்கரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் அந்த வால் கதவிலோ, முன் கண்ணாடியிலோ, சீட்டிலோ போய் இடிக்கும். எஞ்சினை எப்படியாவது கிளப்பிவிட்டாலும் வண்டியை வளைக்க முடியாது. நேராக ஓட்டலாம். முதல் திருப்பத்தில் சுவரில் முட்ட வேண்டியதுதான்!

"காருக்குள்ளேயே ஸ்டீயரிங் பூட்டு இருக்கிறதே, அப்புறம் எதற்கு இது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

சாவியால் கிளப்பும் கார்களில், சாவியை எடுத்துவிட்டு ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் அசைத்தால் 'கடக்' என்று சத்தம் வரும். சின்ன உலோக முளை ஒன்று ஸ்டீயரிங் தண்டில் உள்ள பள்ளத்தில் விழுந்து பிடித்துக்கொள்கிறது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1969-ம் வருஷ மாடல்களிலேயே இதை வைத்தது. 1970 முதல் இது மாதிரியான திருட்டுத் தடுப்பு அங்கே சட்டமாகவே வந்துவிட்டது.

ஆனால் முளை சின்னது. முரட்டு ஆசாமி ஒருவன் சக்கரத்தைப் பிடித்து ஆவேசமாகத் திருகினால் அது உடைந்துபோகலாம். வெளியிலிருந்து பார்த்தால் அது இருப்பதும் தெரியாது. கம்பிப் பூட்டோ கண்ணில் அடித்த மாதிரி தெரியும். அதன் முதல் பலமே அதுதான்.

ஜெர்மனி ஜெயித்தது, பிரிட்டன் தோற்றது

இந்த உள்பூட்டு விஷயத்தில் இரண்டு நாடுகள் கற்ற பாடம் சுவாரஸ்யமானது.

1960-களின் தொடக்கத்தில் மேற்கு ஜெர்மனி ஒரு உத்தரவு போட்டது. புதுக் காரோ பழைய காரோ, எல்லாவற்றுக்கும் ஸ்டீயரிங் பூட்டு கட்டாயம் என்றது. கார் திருட்டு மளமளவென்று குறைந்தது. குறைந்தது பல வருஷம் அப்படியே நின்றது.

பிரிட்டன் 1971-ல் அதே பூட்டைக் கட்டாயம் ஆக்கியது. ஆனால் புதுக் கார்களுக்கு மட்டும்! என்ன நடந்தது? புதுக் கார்கள் பிழைத்தன. திருடர்கள் பழைய கார்கள் பக்கம் திரும்பிவிட்டார்கள். புதுக் கார் வாங்க வசதி இல்லாதவன் தலையில் அத்தனை திருட்டும் வந்து விழுந்தது.

பூட்டு ஒன்றுதான். எல்லோருக்கும் போட்ட இடத்தில் திருடனுக்குத் தொழில் படுத்தது. சிலருக்கு மட்டும் போட்ட இடத்தில் அவன் விலாசம்தான் மாறியது.

கில்லாடிகளின் எதிர் வேலை

சரி, கம்பிப் பூட்டு உடையவே உடையாதா? திருட்டுத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் அதற்கும் வழி வைத்திருந்தார்கள்.

பூட்டு உருக்கு. ஆனால் அது பிடித்திருக்கும் சக்கரத்தின் வளையம்? மேலே ரப்பரோ பிளாஸ்டிக்கோ, உள்ளே மெல்லிய உலோகம். ரம்பத்தை எடுத்துப் பூட்டை அறுக்காமல் வளையத்தையே அறுத்தார்கள். பூட்டு முழுசாக அப்படியே கழன்று வந்தது!

அதைவிட வேடிக்கை உண்டு. நீளமான இரும்புக் கம்பி ஆயிற்றே! அதையே நெம்புகோலாக வைத்து, காருக்குள் இருக்கும் சின்ன முளையையும் உடைத்த கேடிகள் இருந்திருக்கிறார்கள். கடப்பாரையோடு தெருவில் நடந்தால் போலீஸ் பிடிக்கும். கார்க்காரரே ஒன்றை உள்ளே வைத்திருந்தால் திருடனுக்கு என்ன கவலை?

இதற்காகக் கம்பியைத் தூக்கி எறிய வேண்டியது இல்லை. ரம்பத்தோடு வருகிறவன் ஒரு ரகம். சும்மா ஜாலிக்கு ஓட்டிப் பார்க்க வருகிற விடலைப் பையன் வேறு ரகம். இரண்டாவது ரகம் கம்பியைக் கண்டாலே நழுவிவிடும். முதல் ரகத்துக்கும் கூடுதலாகக் கொஞ்ச நேரம் ஆகும், சத்தமும் வரும். திருடன் பயப்படுவதே இந்த இரண்டுக்கும்தான்.

கண்ணுக்குத் தெரியாத கருவி

கம்பிக்கு நேர் எதிரான ஒரு கருவியும் அமெரிக்காவில் அதே 1986-ல் வந்தது. பெயர் 'லோஜாக்'. காருக்குள் எங்கேயோ ஒளித்து வைக்கப்பட்ட சின்ன ரேடியோப் பெட்டி. கார் திருட்டுப் போனதும் அது சமிக்ஞை கொடுக்கும். போலீசார் அதைப் பிடித்துக்கொண்டே போய்க் காரையும் ஆளையும் மடக்குவார்கள். எந்தக் காரில் அது இருக்கிறது என்று வெளியே தெரியாது.

இயான் அயர்ஸ், ஸ்டீவன் லெவிட் என்ற இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் இதைக் கணக்குப் போட்டு 1998-ல் ஆய்வு வெளியிட்டார்கள். பெரிய நகரங்களின் மையப் பகுதிகளில் 3 கார்களில் இதைப் பொருத்தினால் வருஷத்துக்கு 1 கார் திருட்டு குறைந்ததாம்.

காரணம் என்ன? எந்தக் காரில் பொறி இருக்கிறது என்று திருடனுக்குத் தெரியாது. அதனால் எல்லாக் காரையும் பார்த்துப் பயந்தான். பெட்டி வாங்காதவருக்கும் பாதுகாப்பு கிடைத்தது. கம்பிப் பூட்டு தன் முதலாளியை மட்டும் காக்கிறது. ஒளிந்திருக்கும் பெட்டி தெருவையே காக்கிறது.

பையன்கள் கையில் 8 உயிர்

இதெல்லாம் பழங்கதை, கம்ப்யூட்டர் வந்த பிறகு இரும்புக் கம்பிக்கு என்ன வேலை என்று நினைத்தவர்களுக்கு 2021-ல் ஒரு அதிர்ச்சி காத்திருந்தது.

இப்போது வரும் கார்களில் 'இம்மொபிலைசர்' என்று ஒரு ஏற்பாடு உண்டு. சாவிக்குள் சின்ன சிப் இருக்கும். "நீ யாரப்பா?" என்று காரின் கம்ப்யூட்டர் கேட்கும். சிப் சரியான பதில் சொன்னால்தான் எஞ்சின் ஓடும். கனடாவில் 2007 செப்டம்பர் முதல் புதுக் கார்களுக்கு இது கட்டாயம். பக்கத்து அமெரிக்காவில் அப்படிச் சட்டம் இல்லை.

அங்கே மற்ற கம்பெனிகள் தாங்களாகவே இதை வைத்தன. 2015 மாடல்களில் 96 சதவீதத்தில் இருந்தது. ஹூண்டாய், கியா கார்களில் 26 சதவீதத்தில்தான் இருந்தது. சாதாரணச் சாவி போட்டுக் கிளப்பும் மலிவு விலை மாடல்கள் பலவற்றில் சிப் கிடையாது.

விஸ்கான்சின் மாநிலம் மில்வாக்கி நகரத்துப் பையன்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். ஸ்டீயரிங் தண்டின் மூடியைப் பெயர்த்து, போன் சார்ஜ் போடும் ஒயரின் முனையைச் சொருகித் திருகினால் வண்டி கிளம்பியது. 2021-ல் அந்த ஒரு ஊரில் மட்டும் 10 ஆயிரத்துக்கு மேற்பட்ட கார்கள் திருட்டுப் போயின. மூன்றில் இரண்டு பங்கு இந்த இரண்டு கம்பெனிக் கார்கள்! 2022-ல் வித்தை டிக்டாக் வீடியோவாக நாடு முழுக்கப் பரவியது.

விளையாட்டு வினையானது. 2022 அக்டோபரில் நியூயார்க் மாநிலம் பஃபலோ நகரில் திருட்டு கியா கார் ஒன்று விபத்துக்குள்ளாகி 4 சிறுவர் சிறுமியர் பலியானார்கள். இந்தத் திருட்டு விளையாட்டால் குறைந்தது 14 விபத்துகள், 8 சாவுகள் என்று அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு இலாகா 2023 பிப்ரவரியில் சொன்னது.

பறிகொடுத்தவர்கள் யார்? மலிவுக் கார் வாங்கி வேலைக்குப் போய் வருகிறவர்கள். சில நகரங்களில் இந்தக் கார்களுக்குப் புதிதாகப் பாலிசி தரவே சில இன்சூரன்ஸ் கம்பெனிகள் மறுத்துவிட்டன. கார் போனால் வேலைக்குப் போக வழி இல்லை. கார் இருந்தால் இன்சூரன்ஸ் இல்லை!

கடைசியில் என்ன செய்தார்கள் தெரியுமா? 83 லட்சம் கார்களுக்கு இலவசமாகக் கம்ப்யூட்டர் திருத்தம் செய்து தருவதாக 2023-ல் அறிவித்தார்கள். அதோடு போலீஸ் நிலையங்கள் மூலமாக ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கொடுத்தது எதை? அதே பழைய இரும்புக் கம்பிப் பூட்டை!

கம்பிக்குக் கம்ப்யூட்டர் தெரியாது

சாவியே இல்லாமல் பட்டனை அழுத்திக் கிளப்பும் உசத்தியான கார்களுக்கும் இப்போது கண்டம் இருக்கிறது. வீட்டுக்குள் மேஜை மேல் கிடக்கும் சாவியின் சமிக்ஞையை ஒருவன் வாசலில் நின்று கருவியால் இழுக்கிறான். கார் அருகே நிற்கும் கூட்டாளியின் கருவிக்கு அது போகிறது. சாவி பக்கத்தில் இருப்பதாகக் கார் ஏமாந்து கதவைத் திறந்துவிடுகிறது.

இப்படி வருகிறவன் கையில் மின்னணுக் கருவி இருக்கும். ரம்பம் இருக்காது. கம்பியைப் பார்த்ததும் முழிக்க வேண்டியதுதான். அதனால்தான் பிரிட்டனில் விலை உயர்ந்த கார்களில்கூட இந்தக் கம்பி மறுபடியும் ஏறியிருக்கிறது.

வாங்குபவர்கள் கவனத்துக்கு

* தகரம் மாதிரி லேசான பூட்டு வேண்டாம். கையில் எடுத்தால் கனம் தெரிய வேண்டும்.
* உங்கள் காரில் மாட்டிப் பார்த்து வாங்குங்கள். கொக்கிகள் வளையத்தை இறுகப் பிடிக்க வேண்டும். ஆட்டினால் லொடலொடக்கக் கூடாது.
* வால் பகுதி எதிலாவது இடிக்கும்படி இருக்க வேண்டும். ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பாருங்கள். தாராளமாகச் சுற்றினால் பூட்டியும் பிரயோஜனம் இல்லை.
* சாவித் துவாரம் டாஷ்போர்டு பக்கம் பார்த்து இருப்பது நல்லது. துளை போட வருகிறவனுக்கு இடம் கிடைக்காது.
* மாற்றுச் சாவியைக் காருக்குள் வைக்காதீர்கள்.
* வீட்டு வாசல்தானே என்று விட்டுவிட வேண்டாம். மாட்டாமல் சீட்டுக்கு அடியில் கிடக்கும் பூட்டால் திருடனுக்குத்தான் லாபம்.

யார் போட வேண்டிய பூட்டு?

கம்பிப் பூட்டைப் பிரபலம் ஆக்கிய வின்னர் 2010-ல் ஒரு கார் விபத்தில் காலமானார். அவருடைய கம்பி இன்னும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. அதை மாட்டுகிறவர் புத்திசாலி. அதில் சந்தேகம் இல்லை.

ஆனால் காசு உள்ளவர் கம்பி வாங்கித் தப்பிக்க, இல்லாதவர் காரைப் பறிகொடுப்பது திருட்டு ஒழிப்பு ஆகாது. ஜெர்மனி எல்லாக் காருக்கும் பூட்டுப் போட்டது, ஜெயித்தது. கனடா புதுக் கார் எல்லாவற்றிலும் சிப்பைக் கட்டாயம் ஆக்கியது, மில்வாக்கியின் கதி அங்கே வரவில்லை. கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வரும்போதே மலிவுக் காருக்கும் உசத்திக் காருக்கும் ஒரே காவல் இருக்க வேண்டும். அதைக் கம்பெனி செய்யாவிட்டால் அரசாங்கம் செய்ய வைக்க வேண்டும்.

அதுவரை ஸ்டீயரிங்கில் கம்பி இருக்கட்டும். நீங்கள் மாட்டினால் போதாது. அடுத்த வீட்டுக்காரரையும் ஒன்று வாங்கி மாட்டச் சொல்லுங்கள்!