குப்பைக்கூடையில் பிறக்கும் தோட்டம்

அண்டை மாநிலத்துக் காய்கறியை நம்பியே பழகிவிட்ட திருவனந்தபுரம், மொட்டைமாடியிலும் குத்தகை நிலத்திலும் அதிகச் செலவில்லாத விவசாயத்தைக் கற்றுக்கொண்டிருக்கிறது. பலன் தெரிகிறது. சிக்கல்களும் தெரிகின்றன.

ஓணம் நெருங்கிவிட்டால் களியக்காவிளை, ஆரியங்காவு, வாளையார் சாலைகளில் காய்கறி லாரிகளின் எண்ணிக்கை கூடிவிடும். ஒட்டன்சத்திரத்திலும் பாவூர்சத்திரத்திலும் ஏலம் போன கத்தரியும் வெண்டையும் முருங்கையும் மறுநாள் காலையில் திருவனந்தபுரத்துச் சாலை பஜாரில் இறங்கும். அவியலும் சாம்பாரும் எரிசேரியுமாக மலையாளிகள் இலை போட்டுச் சாப்பிடும் ஓணச் சத்யையில் பாதி தமிழ்நாட்டு மண்ணில் விளைந்தது என்பது இரு மாநிலத்தாருக்கும் தெரிந்த ரகசியம்.

இந்தச் சார்பு நேற்று வந்ததல்ல. திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் நெற்களஞ்சியமாக இருந்தது நாஞ்சில் நாடு. 1956 நவம்பர் 1-ல் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தன. கேரளத்தின் கையை விட்டுக் களஞ்சியம் போயிற்று. மிச்சமிருந்த வயல்களும் நிலைக்கவில்லை. 1970களின் நடுவில் சுமார் 8.8 லட்சம் ஹெக்டேராக இருந்த நெல் சாகுபடி பின்னர் சுமார் 2 லட்சம் ஹெக்டேராகச் சுருங்கியது. வயல்கள் தென்னந்தோப்பாயின, ரப்பர் வந்தது, பிறகு வீடுகள் வந்தன. 2008-ல் நெல்வயல் மற்றும் சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்குள் பெரும்பகுதி கைநழுவிவிட்டது.

இன்று கேரள விவசாயி ஒருவரின் சராசரி நிலம் 0.18 ஹெக்டேர். அதாவது ஏறக்குறைய 44 சென்ட். 2015-16 விவசாயக் கணக்கெடுப்பில் நாட்டின் சராசரி 1.08 ஹெக்டேர். ‘சிறு விவசாயி’ என்று மற்ற மாநிலங்களில் சொல்லப்படுபவர் இங்கே பண்ணையார்.

விஷம் யாருடையது?

காய்கறி வெளியிலிருந்து வருகிறது என்பதை மலையாளிகள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதில் பூச்சிமருந்தும் சேர்ந்து வருகிறது என்ற செய்திதான் அவர்களை உலுக்கியது. காசர்கோட்டின் முந்திரித் தோட்டங்களில் 2000 வரை ஹெலிகாப்டர் மூலம் தெளிக்கப்பட்ட எண்டோசல்ஃபான் விளைவித்த கொடுமைகள் அவர்கள் மனத்தில் ஆறாத வடு. 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த மருந்துக்கு நாடு முழுவதும் தடை விதித்தது.

திருவனந்தபுரத்தை ஒட்டிய வெள்ளாயணியில் இருக்கிறது கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் விவசாயக் கல்லூரி. அங்குள்ள எச்ச நச்சு ஆய்வுக்கூடம் 2013 முதல் சந்தைக் காய்கறிகளைச் சோதித்து முடிவுகளை வெளியிடத் தொடங்கியது. கறிவேப்பிலை, புதினா, மல்லித்தழை போன்றவை அடிக்கடி சந்தேகப் பட்டியலில் இடம்பெற்றன. 2015-ல் விவகாரம் இரு மாநிலச் சண்டையாகவே மாறியது. தமிழ்நாட்டுக் காய்கறியில் மருந்து அதிகம் என்றது கேரளம். தமிழக அரசும் வியாபாரிகளும் மறுத்தார்கள்.

இந்தச் சண்டையில் அதிகம் பேசப்படாத கோணம் ஒன்று உண்டு. பளபளப்பான, புழுக்குத்து இல்லாத காய்க்குத்தான் சந்தை கூடுதல் விலை தருகிறது. அந்த விலைக்காக மருந்தடிக்கும் விவசாயியே அதன் முதல் பலி. மருந்தைக் கலக்குபவரும் அவர்தான், சுவாசிப்பவரும் அவர்தான். மருந்து எந்த மாநிலத்தில் தெளிக்கப்பட்டது என்ற கேள்வியைவிட அதைத் தெளிக்காமல் காலந்தள்ள முடியுமா என்பதே முக்கியமான கேள்வி.

பூட்டப்பட்ட ஆலை, திறந்த கண்கள்

இன்னொரு முனையிலிருந்தும் நெருக்கடி வந்தது. திருவனந்தபுரம் நகரின் குப்பையெல்லாம் 2000 முதல் விளப்பில்சாலை என்ற கிராமத்து ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தது. துர்நாற்றத்தையும் கெட்டுப்போன நீரையும் பொறுத்துப் பார்த்த கிராமம் 2011 டிசம்பரில் ஆலையைப் பூட்டிவிட்டது. 2012-ல் போலீஸ் காவலுடன் ஆலையைத் திறக்க முயன்றபோது ஊரே சாலைக்கு வந்து மறித்தது. மாநகராட்சி திகைத்து நின்றது. தெருமுனைகளில் குப்பை மலையானது.

வேறு வழியில்லாமல் பிறந்த ஞானம் இது: சமையலறைக் கழிவு குப்பையல்ல, உரம். வீடுகளுக்குக் குழாய் கம்போஸ்ட்டும் உயிர்வாயுக் கலனும் மக்கும் கூடைகளும் மானியத்தில் வந்தன. குழாய் முறை எளியது. கையகலத்துக்கு மேல் அகலமுள்ள இரண்டு பி.வி.சி. குழாய்களை மண்ணில் செங்குத்தாக ஊன்றி, ஒன்றில் ஒரு மாதம் காய்கறித் தோலும் மிச்சம் மீதியும் போட்டு மூடிவைப்பார்கள். பிறகு அடுத்த குழாய். அது நிரம்புவதற்குள் முதல் குழாயில் இருப்பது மக்கிவிடும்.

குடியிருப்புகளுக்கும் சந்தைகளுக்கும் ‘தும்பூர்முழி’ முறை வந்தது. திருச்சூர் மாவட்டத்துக் கால்நடைப் பண்ணை ஒன்றில் கால்நடைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய முறை இது. நான்கடி நீளம், நான்கடி அகலம், நான்கடி உயரத்தில் காற்றுப் புகும் தொட்டி. அடியில் சாணம், மேலே சருகு, அதன் மேல் கழிவு. இதே வரிசையில் அடுக்கிக்கொண்டே போக வேண்டும். உள்ளே வெப்பம் 70 டிகிரி வரை ஏறுவதால் கிருமிகள் மடிகின்றன. காற்றோட்டம் இருப்பதால் நாற்றம் இல்லை. சுமார் 90 நாளில் உரம் தயார்.

உரம் கிடைத்தாயிற்று, அதைப் போட நிலம் வேண்டுமே! நகரத்து மனிதனுக்கு இருக்கும் ஒரே நிலம் மொட்டைமாடி. திருவனந்தபுரத்தில் குப்பைப் பிரச்சினையும் மாடித் தோட்டமும் கைகோத்துக்கொண்டது இப்படித்தான்.

செலவைக் குறைக்கும் கணக்கு

மாடித் தோட்டம் என்றதும் பலர் கடைக்கு ஓடி விலை உயர்ந்த பைகளும் கலவைகளும் வாங்குகிறார்கள். முதல் மாதத்துக் கீரை, சந்தைக் கீரையைவிடப் பல மடங்கு விலையில் வந்து முடிகிறது. விவசாயக் கல்லூரியும் ஊராட்சிதோறும் உள்ள கிருஷி பவன்களும் சொல்லித்தரும் முறைகள் பெரும்பாலும் வீட்டுப் பொருள்களைக் கொண்டே முடிபவை.

மண், தொழுவுரம், மக்கிய தென்னை நார்க்கழிவு மூன்றும் சம அளவு. இதுதான் அடிப்படைக் கலவை. கேரளத்துச் செம்புறை மண் புளிப்புத்தன்மை கொண்டது. எனவே ஒரு கைப்பிடிச் சுண்ணாம்புத்தூள் கலந்து சில நாள் ஆறவிட்ட பிறகே விதை போட வேண்டும். பை கிடைக்காவிட்டால் பழைய அரிசிச் சாக்கே போதும்.

வேரழுகலைத் தடுக்க டிரைக்கோடெர்மா என்னும் நன்மை செய்யும் பூஞ்சாணம். 90 கிலோ தொழுவுரத்துடன் 10 கிலோ வேப்பம் பிண்ணாக்கையும் ஒரு கிலோ டிரைக்கோடெர்மாவையும் கலந்து, ஈரச் சாக்குப் போட்டு நிழலில் ஒரு வாரம் மூடிவைத்தால் அது பல்கிப் பெருகும். ஒரு கிலோவை மட்டும் விலைக்கு வாங்கினால் ஒரு குவியலே மருந்தாகிவிடுகிறது.

சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு வேப்பெண்ணெய்-பூண்டுக் கரைசல். 200 மில்லி வேப்பெண்ணெய், 200 கிராம் பூண்டுச் சாறு, 50 கிராம் பார் சோப்பு ஆகியவற்றைப் பத்து லிட்டர் கரைசலாக்கித் தெளிக்க வேண்டும். ஊட்டத்துக்கு மீன் அமிலம்: ஒரு கிலோ மத்தி மீனும் ஒரு கிலோ வெல்லமும் காற்றுப் புகாமல் மூன்று வாரம் ஊறினால் கிடைக்கும் தேன் போன்ற திரவம். ஒரு லிட்டர் நீருக்கு 2 முதல் 5 மில்லி போதும். கொடுமுடி டாக்டர் நடராஜன் பரப்பிய பஞ்சகவ்யமும் எல்லை தாண்டி இங்கே புழக்கத்தில் இருக்கிறது.

மலையாளிகளின் செல்லமான சிவப்புத் தண்டுக்கீரைக்கு மழைக்காலத்தில் இலைப்புள்ளி நோய் வரும். இதற்கு மருந்து தேடுவதைவிட, நோயைத் தாங்கும் பச்சைக் கீரையைச் சிவப்புடன் கலந்து விதைப்பதே மேல் என்கிறது பல்கலைக்கழகம். அந்தப் பச்சை ரகத்தின் பெயர் கோ-1. கோயம்புத்தூரில் பிறந்தது!

கோடையில் தண்ணீர்தான் பெரிய செலவு. கோழிக்கோட்டு நீர்வள மையம் வடிவமைத்த திரிப் பாசனம் இதற்கு விடை. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல, பையின் அடியில் செருகிய திரி கீழேயுள்ள நீரை வேருக்கு இழுத்துத் தருகிறது. செடி தனக்கு வேண்டியதை மட்டும் குடிக்கிறது. வீட்டுக்காரர் இரண்டு நாள் ஊருக்குப் போய்வரலாம்.

நிலம் கொஞ்சம் கூடுதலாக உள்ளவர்களுக்கு, நகரின் ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் இயங்கும் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் கைகொடுக்கிறது. சேனைக்கிழங்கு நட வழக்கமாகக் குழிக்கு ஒரு கிலோ துண்டு தேவை. விதைச் செலவே ஆளைச் சாய்த்துவிடும். 100 கிராம் துண்டுகளை நெருக்கமாக நட்டு விதைக்கிழங்கு பெருக்கும் முறையை இந்நிலையம் பரப்பியது. வீணாகும் மரவள்ளி இலையிலிருந்து ‘நன்மா’, ‘மேன்மா’ என்ற பூச்சிவிரட்டிகளையும் உருவாக்கியது. வாழைத் தண்டைத் துளைக்கும் வண்டுக்கு எதிராக இவை பயன்படுகின்றன.

குத்தகைக்கு நிலம், காகிதம் இல்லை

மாடித் தோட்டம் குடும்பத்துக்குக் கீரை தரும். நகரத்துக்குச் சோறு போடாது. அந்த வேலையைச் செய்பவர்கள் வேறு. 1998-ல் தொடங்கிய குடும்பஸ்ரீ இயக்கத்தின் பெண்கள் நாலைந்து பேராகக் கூட்டுப்பொறுப்புக் குழு அமைத்து, தரிசாகக் கிடக்கும் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து வாழையும் மரவள்ளியும் காய்கறியும் பயிரிடுகிறார்கள். கூலிக்குக் களை பறித்த பெண்கள் தங்கள் கணக்கில் சாகுபடி செய்கிறார்கள் என்பது சின்ன மாற்றம் அல்ல.

ஆனால் அவர்கள் காலடியில் சட்டச் சிக்கல் கிடக்கிறது. 1970 ஜனவரி 1 முதல் கேரளத்தில் குத்தகை முறையே ஒழிக்கப்பட்டுவிட்டது. உழுதவனுக்கு நிலம் தந்த பெருமைக்குரிய சட்டம் அது. அதே சட்டத்தால் இன்று உழுகிறவளின் குத்தகை வெறும் வாய்ப்பேச்சாக நிற்கிறது. நில உரிமையாளர் அடுத்த வருடம் வேண்டாம் என்றால், அவள் சாணமும் சருகும் போட்டு மூன்று வருடம் வளப்படுத்திய மண் இன்னொருவர் சொத்து. இயற்கை விவசாயத்தின் லாபம் மெல்ல வருவது. குத்தகையோ ஒரே வருடத்துக்கு. இந்த முரண்பாடு தீராதவரை, விரைந்து விளைவிக்கும் ரசாயன உரத்தைத் தேடுபவளைக் குறை சொல்ல முடியாது.

விற்பனையும் எளிதல்ல. நகரின் ‘தணல்’ அமைப்பு 2003-ல் இயற்கை விளைபொருள் சந்தை ஒன்றைத் தொடங்கி, சிறு விவசாயியையும் நகரத்து வாடிக்கையாளரையும் நேருக்கு நேர் நிறுத்தியது. (தணல் என்றால் மலையாளத்தில் நிழல், தமிழில் கங்கு. இரண்டுமே இந்த வேலைக்குப் பொருந்தும்.) இத்தகைய சந்தைகளின் பலம் நம்பிக்கை. ஆனால் ‘இயற்கை’ என்று பலகை மாட்டிய கடைகளின் காய்களிலும் மருந்து எச்சம் அகப்பட்டதை வெள்ளாயணி ஆய்வு காட்டியிருக்கிறது. பெயர்ப்பலகை போதாது, பரிசோதனை வேண்டும்.

எச்சரிக்கைகள் இன்னும் உண்டு. பிளாஸ்டிக் வளர்ப்புப் பைகள் சில பருவங்களில் கிழிந்து புதிய குப்பையாகின்றன. புகையிலைக் கஷாயம் செடியிலிருந்து வந்ததுதான் என்றாலும் நிகோடின் நிகோடினே. கண்ணை மூடிக்கொண்டு தெளிக்கக்கூடாது. அரசின் அறிவிப்புகளையும் எச்சரிக்கையாகவே வாசிக்க வேண்டும். 2010-ல் வெளியான இயற்கை வேளாண்மைக் கொள்கை பத்தாண்டுகளில் மாநிலம் முழுவதையும் மாற்றிவிடக் கனவு கண்டது. கனவு கனவாகவே இருக்கிறது.

ஆனாலும் முயற்சி ஓயவில்லை. 2016 டிசம்பரில் ‘ஹரித கேரளம்’ இயக்கம் வந்தது. ‘ஓணத்துக்கு ஒரு முறம் காய்கறி’ திட்டத்தில் வீடுகளுக்கு விதைப் பொட்டலங்கள் போயின. 2020-ல் கொரோனா ஊரடங்கு எல்லைகளை மூடியபோது, லாரி வராவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி வெறும் கற்பனையாக இல்லாமல் போயிற்று. அந்த மே மாதமே தரிசு நிலங்களைப் பயிருக்குக் கொண்டுவரும் ‘சுபிக்ஷ கேரளம்’ திட்டம் அறிவிக்கப்பட்டது.

இதில் தமிழக விவசாயிக்குச் செய்தி உண்டா? உண்டு. கேரளத்துச் சந்தை அவருடைய முக்கிய வாடிக்கையாளர். 44 சென்ட்காரர்கள் எவ்வளவு முயன்றாலும் அந்த வாடிக்கை முழுக்க நின்றுவிடப் போவதில்லை. ஆனால் தன் மாடியில் மருந்தில்லாத வெண்டையைப் பறித்துச் சமைத்துப் பழகியவர் கடையில் கேள்வி கேட்கத் தொடங்குவார். தமிழக அரசும் 2023-ல் தனது இயற்கை வேளாண் கொள்கையை வெளியிட்டிருக்கிறது. ஒட்டன்சத்திரத்துக் காய் அந்தக் கேள்விக்குத் தயாராக இருந்தால் அதற்கு நல்ல விலையும் உண்டு. அப்படி விலை கிடைக்க, புழுக்குத்துள்ள காயை ஒதுக்கித் தள்ளாத வாடிக்கையாளரும் வேண்டும். மருந்தைக் குறைக்கச் சொல்லும் உரிமை, சற்றுக் கோணலான கத்தரிக்காய்க்கும் காசு கொடுப்பவருக்கே உண்டு.

முறம் என்ற சொல் தமிழிலும் மலையாளத்திலும் ஒன்றுதான். அதில் விழும் காய் எந்தக் கரையில் விளைந்தாலும், அதை விளைவித்தவரும் உண்பவரும் நோயில்லாமல் இருக்க வேண்டும். திருவனந்தபுரத்து மாடிகளில் இப்போது முளைப்பது அந்த எண்ணத்தின் முதல் இலைகள்.