கேட்டலாக்கில் வந்த பெயர்!

துபாயில் இரண்டு வருஷம் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ரூம்மேட் ஒரு பிலிப்பினோ. முகம் மலேசியா ஜாடை. பெயரோ அசல் ஸ்பானிஷ்.

"உங்க தாத்தா ஸ்பெயின்காரரா?" என்றேன், அப்பாவியாக.

"இல்லை குயா, கேட்டலாக்ல வந்த பேர்!"

குயா என்றால் அண்ணன். (அதுவும் சீனாவிலிருந்து போன சொல்லாம்!)

விஷயம் இதுதான். ஸ்பெயின் அங்கே 333 வருஷம் ஆண்டது. நாட்டுக்கே தன் ராஜா இரண்டாம் பிலிப்பின் பெயரை வைத்தது. 1849-ல் கவர்னர் ஜெனரல் கிளவேரியாவுக்குத் தலைவலி. ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒரு பெயர், தம்பிக்கு வேறு. வரிக் கணக்கு உதைத்தது. பி.காம். படித்தவன் என்பதால் அவர் கஷ்டம் எனக்குப் புரிகிறது! சுமார் 60,000 குடும்பப் பெயர்களை அகரவரிசையில் அச்சடித்து, மாகாணம் மாகாணமாக அனுப்பினார். பரம்பரைப் பெயர் இல்லாத குடும்பங்கள் அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். அல்பாய் மாகாணத்தில் ஓவாஸ் என்று ஓர் ஊர். அங்கே எங்கு திரும்பினாலும் 'ஆர்' எழுத்துப் பெயர்கள்தான்.

இன்னொரு கூத்து. 1898 ஜூன் 12-ல் சுதந்திரம் என்று அறிவித்தார்கள். அதே டிசம்பரில், 2 கோடி டாலர் வாங்கிக்கொண்டு ஸ்பெயின் அந்தத் தீவுகளை அமெரிக்காவுக்குக் கைமாற்றியது. விற்றவரும் சரி, வாங்கியவரும் சரி, சரக்கை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அமெரிக்கா விட்டது 1946-ல்.

"பேசாம நாட்டுப் பேரை மாத்திடலாமே?" என்றேன்.

"மார்க்கோஸ் காலத்துலயே 'மஹார்லிகா'ன்னு மாத்தப் பார்த்தாங்க. அது சமஸ்கிருதத்துலேர்ந்து வந்ததாம்!"

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"குயா, ஜெபமாலை ஸ்பெயின்காரன் குடுத்ததுதான். 1986-ல் எட்சா ரோட்டுல அதைக் கையில பிடிச்சுக்கிட்டுத்தான் எங்க ஜனங்க டாங்கிக்கு முன்னாடி நின்னாங்க. மார்க்கோஸ் ஊரை விட்டே ஓடினார். இப்ப சொல்லுங்க, அந்த ஜெபமாலை யாரோடது?"

நான் வாயைத் திறக்கவில்லை. டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

அவர் விடவில்லை. "ஆமா, உங்களுக்குக் குடும்பப் பேர் என்ன?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். நமக்கு ஏது சார்? இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தை நிரப்ப அப்பா பெயரைப் போட்டிருந்தேன். விளைவு, ஆபீஸில் மேனேஜர் முதல் ஆபீஸ் பையன் வரை என்னை என் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள்.

சொன்னேன். இந்தத் தடவை அவர் சிரித்தார், நிறுத்தாமல்.