ரப்பர் மலை காடாகுமா?

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்குப் போகும் வழியெங்கும் பச்சைதான். அதில் பெரும்பகுதி ரப்பர். ஒரு ஹெக்டேரோ அதற்கு மேலோ உள்ள நிலத்தில் 10 சதவீதத்தை மரங்கள் மூடியிருந்தாலே, இந்திய வன ஆய்வு நிறுவனம் அதை வனப்பரப்பில் சேர்த்துவிடுகிறது. என்ன மரம், யாருடைய நிலம் என்று பார்ப்பதில்லை. அதனால் ரப்பருக்காகக் குமரி மாவட்டம் இழந்த காடு கணக்கில் தெரிவதே இல்லை.

எப்படி வந்தது ரப்பர்?

அமேசான் காட்டு மரமான ரப்பர், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூரில் தோட்டப்பயிரானது. இரு பருவமழையும் பெய்யும் குமரி மலைச்சரிவு அதற்கு ஏற்ற இடம். 1956இல் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பிறகு, வனத்துறையே காட்டு நிலத்தில் ரப்பர் வளர்த்தது. அந்தத் தோட்டங்களை நடத்த 1984இல் அரசு ரப்பர் கழகம் உருவானது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களுக்கும் வேலை கொடுத்தது.

என்ன வேறுபாடு?

காட்டில் பல வயது மரங்கள், கொடிகள், புதர்கள், மக்கிய சருகு என அடுக்கடுக்காக மழையைத் தாங்கி மண்ணுக்குள் இறக்குகின்றன. ரப்பர் தோட்டத்தில் இருப்பது ஒரே வயதுள்ள ஒரே மரம். பால்வெட்டுக்காக அடிக்காட்டைச் செத்திவிடுகிறார்கள். சுமார் 30 ஆண்டில் மொத்தமாக வெட்டி மறுநடவு செய்யும்போது சரிவு வெறும் மண்ணாகக் கிடக்கிறது. அடுத்த பெருமழையில் அந்த மண் ஓடைக்குள் இறங்குகிறது. நாஞ்சில் நாட்டு வயலுக்குத் தண்ணீர் தரும் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் நீர்ப்பிடிப்பு இந்த மலைகள்தான்.

காட்டைத் தோட்டமாக்கியது இங்கே மட்டுமல்ல. இந்தோனேசியாவில் சதுப்புக்காடுகளை வாய்க்கால் வெட்டி வடித்து எண்ணெய்ப்பனை நட்டார்கள். உலர்ந்த சதுப்பு 2015இல் தீப்பற்றியபோது புகை சிங்கப்பூர்வரை சூழ்ந்தது. அங்கே அழிவை நெருப்பு காட்டிக்கொடுத்தது. இங்கே அழிவு பச்சைக்குள் மறைந்திருக்கிறது.

என்ன செய்யலாம்?

ரப்பரை ஒரேயடியாகப் பிடுங்க முடியாது. சிறு விவசாயிகளும் பால்வெட்டுத் தொழிலாளர்களும் அதை நம்பியே பிழைக்கிறார்கள். மார்த்தாண்டம் தேனுக்கும் ரப்பர் தளிரில் சுரக்கும் இனிப்பு நீரே ஆதாரம். ஆனால் 2008இல் வனவிலங்குச் சரணாலயமும், 2022இல் அகத்தியமலை யானைகள் காப்பகமும் அறிவிக்கப்பட்ட மலைத்தொடர் இது. வனக்கணக்கில் ரப்பரைத் தனியாகக் காட்ட வேண்டும். அரசுத் தோட்டங்களில் மறுநடவு வரும்போதெல்லாம் செங்குத்துச் சரிவையும் ஓடைக்கரையையும் நாட்டு மரங்களுக்கு விட வேண்டும். அங்கே வேலை இழப்பவர்களுக்கு முதலிலேயே மாற்று வேலை உறுதியாக வேண்டும்.