விமானம் ரத்தா? இழப்பீட்டைக் கேட்டு வாங்குங்கள்

2025 டிசம்பரில் இண்டிகோவின் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாகின. விமானிகளின் ஓய்வு நேர விதி மாறியதற்கு நிறுவனம் போதிய ஆயத்தம் செய்யவில்லை, தவித்தவர்கள் பயணிகள்.

முன்கூட்டியே சொல்லாமல் உள்நாட்டு விமானத்தை ரத்து செய்தால், டிக்கெட் பணம் அல்லது மாற்று விமானம் தருவதோடு, பறக்கும் நேரத்தைப் பொறுத்து அதிகபட்சம் 5,000 முதல் 10,000 ரூபாய் வரை இழப்பீடும் தர வேண்டும் என்கிறது விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ. புயல், கலவரம் என்றால் இழப்பீடு இல்லை.

வெறும் தாமதத்துக்கு இழப்பீடு இல்லை, சாப்பாடு உண்டு. ஆறு மணி நேரம் தாண்டினால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். ஐரோப்பாவில் மூன்று மணி நேரத் தாமதத்துக்கே 250 யூரோ முதல் கிடைக்கும்போது, இது நியாயமே இல்லை.

தர வேண்டியதை நிறுவனம் தர மறுத்தால், உதாரணமாக, பெண்ணாடத்துக்காரர் வழக்குப் போடச் சென்னைக்கு அலைய வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வசிக்கும் மாவட்டமான கடலூரின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். போர்டிங் பாஸையும் ரத்துத் தகவல் வந்த குறுஞ்செய்தியையும் பத்திரப்படுத்துங்கள்.