கெண்டைக்குப் பசிப்பது எப்படி?

செஞ்சி வட்டாரத்தில் ஏரியிலோ பண்ணைக்குட்டையிலோ கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய கெண்டை மீன்களை வளர்ப்பவருக்குத் தீவனச் செலவுதான் பெரும் பாரம். தவிடும் பிண்ணாக்கும் கலந்து போட்டதை ஒருநாள் மீன் ஆவலாகத் தின்கிறது, மறுநாள் தொடுவதேயில்லை. ஏன்?

பசியின் ஆட்சி மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸில் நடக்கிறது. அங்கே நியூரோபெப்டைடு ஒய் என்ற வேதிப்பொருள் கூடினால் மீன் இரை தேடும். உணவு குடலுக்குள் இறங்கியதும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரந்து, போதும் என்று மூளைக்குச் சொல்லும். பசியைத் தூண்டும் கிரெலினை 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எலியின் இரைப்பையில் கண்டார்கள். கெண்டை இனத்துக்கோ இரைப்பையே கிடையாது! ஆனாலும் அவ்வினத்துத் தங்கமீனின் குடலில் கிரெலின் சுரந்து பசியைக் கிளப்புகிறது. பசியை அடக்கும் லெப்டின் இன்னும் வியப்பு: நமக்குக் கொழுப்புத் திசுவில் சுரப்பது, கெண்டைக்கு முக்கியமாகக் கல்லீரலில் சுரக்கிறது. மனிதக் கணக்கை அப்படியே மீனுக்குப் போடக் கூடாது.

சூழலும் பசியை மாற்றுகிறது. மார்கழியில் நீர் குளிர்ந்தால் மீனின் உடலும் குளிர்கிறது. ஆற்றல் தேவை குறைய, பசியும் குறைகிறது. ஆக்சிஜன் குறைந்தாலோ, வலைபோட்டுக் கலக்கினாலோ அழுத்த ஹார்மோன்கள் ஏறிப் பசியை அடக்குகின்றன. அந்நேரம் கொட்டும் தீவனம் அழுகி, மிஞ்சிய ஆக்சிஜனையும் உறிஞ்சிவிடும். குளத்தில் ஆக்சிஜன் மிகக் குறைவது விடியற்காலையில். எனவே வெயில் ஏறிய பிறகு போடுவதே நல்லது. தீவனத்தைத் துளையிட்ட பையில் கட்டித் தொங்கவிட்டால், மிச்சத்தைப் பார்த்து மறுநாள் அளவைத் தீர்மானிக்கலாம்.