வடக்கே ஒரு வேலை: இருட்டைப் பார்த்த பின் முடிவெடுங்கள்

கடந்த மாசி மாதம் அண்ணனின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். ஒஸ்லோவில் தாதியாக வேலை செய்கிறாள். நோர்வேயின் வட கோடியில், பின்மார்க் பகுதியின் சிறிய மீனவ ஊர் ஒன்றில், முதியோர் இல்லத்தில் நிரந்தர வேலை கிடைத்திருக்கிறது. வீடும் ஒழுங்கு செய்து தருவார்களாம்.

"சித்தப்பா, நீங்கள் இருந்த இடம்தானே. போகலாமோ?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. 1988 இல் நான் அங்கு போனபோது என்னிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை. முகவருக்குக் கொடுத்த காசு வட்டியோடு ஊரில் கடனாக நின்றது. மீன் தொழிற்சாலையில் ஆட்கள் தேவை என்று நண்பன் சொன்னான். பஸ் ஏறினேன். அந்த நாட்களில் பின்மார்க்கின் மீனவ ஊர்களுக்குப் போன எங்கள் இளைஞர்கள் பலரின் கதை இதுதான். நோர்வேக்கும் எங்கள் கரையோரத்துக்கும் அதற்கு முன்னரே ஒரு தொடர்பு இருந்தது. 1956 இல் இங்கு வந்த அன்ரனி ராஜேந்திரம் தொடக்கிவைத்த சீநோர் திட்டத்தின் வலைத் தொழிற்சாலையைக் குருநகரிலும் படகுத் தளத்தைக் காரைநகரிலும் எங்களிற் பலர் பார்த்திருக்கிறோம். ஆனால் நாங்கள் வடக்கே போனது அந்தத் தொடர்பால் அல்ல. போக வேறு இடம் இல்லாததால் போனோம்.

அவளுக்கு வேறு இடம் இருக்கிறது. அதனால்தான் அவள் கேட்ட கேள்விக்குப் பொறுப்பாகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

குளிர் பெரிய பிரச்சினை அல்ல

எல்லோரும் முதலில் கேட்பது குளிரைப் பற்றித்தான். நோர்வேயில் பதிவான மிகக் கடுங்குளிர், பின்மார்க்கின் உள்நிலமான காரஸ்யோக்கில் 1886 இல் பதிவான மறை 51.4 பாகை. ஆனால் கடலோர ஊர்கள் அப்படியல்ல. அத்திலாந்திக்கிலிருந்து வரும் வெப்ப நீரோட்டத்தால் அங்கே துறைமுகங்கள் குளிர்காலத்திலும் உறைவதில்லை. வெப்பநிலை பெரும்பாலும் பூச்சியத்துக்குக் கீழே சில பாகைகளில் நிற்கும். நல்ல கம்பளி உள்ளாடையும் காற்றுப் புகாத மேலங்கியும் இருந்தால் சமாளிக்கலாம். வாட்டுவது காற்று. கதவைத் திறந்தால் ஆளையே தள்ளும் காற்று நாட்கணக்கில் வீசும்.

இருட்டு வேறு விடயம். நான் இருந்த வரங்கர் குடாநாட்டில் நவம்பர் பிற்பகுதியில் மறையும் சூரியன் மீண்டும் ஜனவரி நடுப்பகுதிக்குப் பின்னர்தான் தலைகாட்டும். நாங்கள் கார்த்திகை விளக்கீட்டுக்கு விளக்கேற்றும் நாட்களில் இருள் தொடங்கிவிடும். நண்பகலில் சில மணி நேரம் நீல நிறமாக ஒரு மங்கல் வெளிச்சம், அவ்வளவுதான். மே நடுப்பகுதி முதல் ஜூலை பிற்பகுதி வரை நேர்மாறு: சூரியன் மறைவதே இல்லை. இரண்டு காலத்திலும் தூக்கம் கெடும்.

இதை அவளிடம் மறைக்காமல் சொன்னேன். அவள் வன்னியில் வளர்ந்தவள். 2009 இற்குப் பிறகு திருமணமாகி இங்கு வந்தவள். இன்றும் சில இரவுகளில் எழும்பி விளக்கைப் போட்டுவிட்டு இருப்பாள் என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவர்கள் போகக்கூடாது என்பதல்ல. இரவு எங்களுக்கு எப்படிப் போகிறது என்பதை நேர்மையாகக் கணக்கில் எடுக்க வேண்டும். டிசம்பர் 31 நள்ளிரவில் ஊரே வாணவெடி கொளுத்தும். ஒஸ்லோவிலும் கொளுத்துவார்கள். ஆனால் ஒரு மாதமாகச் சூரியனைக் காணாமல் இருக்கும்போது அந்தச் சத்தம் வேறு விதமாகக் கேட்கும். முதல் வருடம் நான் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் இருந்தேன்.

விற்றமின் டி குறைபாடும் உண்டு. கறுத்தத் தோலுக்கு வெயில் கூடுதலாகத் தேவை. அங்கே குளிர்காலத்தில் அது கிடையாது. மீனெண்ணெய் குடிப்பதை அங்குள்ள கிழவிகள்தான் எனக்குப் பழக்கினார்கள்.

வீதி மூடினால்

பின்மார்க்கின் பரப்பளவு இலங்கையின் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு. சனத்தொகை சுமார் 75,000 மட்டுமே. இவ்வளவு பெரிய நிலத்துக்கு மேற்கே ஹம்மர்பெஸ்ற், கிழக்கே கிர்க்கனெஸ் என்ற இரண்டு இடங்களில்தான் பெரிய மருத்துவமனை உண்டு. மலையைக் கடக்கும் வீதிகள் புயலில் மூடப்படும். ஓரளவு தணிந்ததும் பனி அகற்றும் வாகனத்தின் பின்னால் வரிசையாகப் போக விடுவார்கள்.

1994 மாசியில் என் மனைவிக்கு எட்டாம் மாதம். வயிற்றுவலி தொடங்கிய இரவு வீதி மூடியிருந்தது. காற்றால் விமானமும் இறங்கவில்லை. ஊரிலிருந்த மருத்துவத் தாதி விடியும்வரை அவளின் கையைப் பிடித்தபடி இருந்தார். அடுத்த நாள் மத்தியானம் வாகன வரிசையில் போய்ச் சேர்ந்தோம். மகன் நலமாகப் பிறந்தான். இன்றைக்கு அவனுக்கு அது ஒரு பகிடிக் கதை. எனக்கு இல்லை. தொடர்ச்சியாக வைத்தியம் தேவைப்படும் நோயாளியோ கர்ப்பிணியோ வீட்டில் இருந்தால், சம்பளத்தைப் பற்றிக் கேட்க முன்னர் இதைக் கேளுங்கள்: கடந்த குளிர்காலத்தில் வீதி எத்தனை நாள் மூடியிருந்தது?

காசு விடயம்

அரசு சும்மா அழைக்கவில்லை. பின்மார்க்கையும் வட துரோம்ஸையும் சேர்த்து 1990 இல் சலுகை வலயமாக அறிவித்தார்கள், ஆட்கள் வெளியேறாமல் இருக்க. அங்கே ஒரு வருடம் வசித்து வேலை செய்தால் மாணவர் கடனில் வருடத்துக்கு 10 வீதம், ஓர் உச்சவரம்புக்குட்பட்டு, கழிக்கப்படும். பொது வருமான வரி நாட்டின் ஏனைய பகுதிகளில் 22 வீதம், அங்கே 18.5 வீதம். மின்சார வரி இல்லை. 2023 ஓகஸ்ட் முதல் முன்பள்ளி இலவசம். மாணவர் கடனும் மூன்று வயதுப் பிள்ளையும் உள்ள ஒரு தாதிக்கு இது சிறிய தொகை அல்ல.

ஆனால் மறுபக்கமும் உண்டு. தாதிக்கு எங்கும் வேலை. கணவனுக்கு? சிறிய ஊரில் மீனை விட்டால் வேறு தொழில் அதிகம் இல்லை. மீனும் நிலையானதல்ல. பாரன்ட்ஸ் கடலின் கொட் மீனுக்கு 2025 இல் ஒதுக்கப்பட்ட அளவு 340,000 தொன். 1991 இற்குப் பிறகு அந்த வருடம் வரை அதுவே மிகக் குறைவாக இருந்தது. மீன் வராவிட்டால் தொழிற்சாலை ஆட்களை வீட்டில் நிறுத்தும். 1990 ஐ ஒட்டிய கொட் நெருக்கடியில் நானும் அப்படி நின்றவன். வீட்டை வாங்காமல் வாடகைக்கு எடுப்பது நல்லது. வாங்கிய வீட்டை அங்கே விற்பது கடினம்.

மனிதர்கள்

நான் அங்கிருந்த பதினொரு வருடங்களில் தனிமையை உணர்ந்தேன், ஆனால் ஆதரவற்றவனாக உணரவில்லை. காரணம் அந்த ஊர்க்காரரின் வரலாறு. 1944 இல் பின்வாங்கிய ஜேர்மன் படைகள் பின்மார்க்கை எரித்தன. சுமார் 50,000 பேர் கட்டாயமாக வெளியேற்றப்பட்டார்கள். பலர் குகைகளில் ஒளிந்தார்கள். கிர்க்கனெஸுக்கு அருகே பியோர்ணவத்ன் சுரங்கத்துக்குள் ஏறத்தாழ மூவாயிரம் பேர் தஞ்சமடைந்தார்கள். அங்கேயே பத்துப் பிள்ளைகள் பிறந்தன. போர் முடிந்ததும் திரும்பி வந்து சாம்பலில் வீடு கட்டினார்கள். என் பக்கத்து வீட்டுக் கிழவி ஒருநாள் கேட்டார், "உங்கள் வீடும் எரிந்ததா?" ஓம் என்றேன். அதன் பிறகு என்னிடம் எதையும் விளக்கச் சொல்லி அவர் கேட்கவில்லை.

ஆனாலும் 1999 இல் ஒஸ்லோவுக்கு இறங்கினோம். பிள்ளைகளுக்குத் தமிழ் வேண்டும், கோயில் வேண்டும், ஒத்த வயதுப் பிள்ளைகள் வேண்டும் என்று மனைவி சொன்னாள். எங்களோடு இருந்த குடும்பங்களும் ஒவ்வொன்றாக வெளிக்கிட்டன. தமிழ்க் குடும்பங்கள் இன்று அங்கே எத்தனை, அவர்கள் இருக்கப் போகிறார்களா என்று விசாரிப்பதும் அவசியம்.

நான் சொன்ன பதில்

"பிள்ளை, ஜூலையில் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுக்காதை. ஜூலையில் அது சொர்க்கம்," என்றேன். ஒஸ்லோ வேலையை விடாமல் சம்பளமற்ற விடுமுறை கேள். நவம்பர் கடைசியிலிருந்து ஆறு கிழமைக்குத் தற்காலிகத் தாதியாகப் போ. கணவனையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ. புயலையும் வாணவெடி இரவையும் அங்கேயே கழி. பிறகு மூவரும் தூங்குகிறீர்களா, சிரிக்கிறீர்களா என்று பார்.

திரும்பி வந்தால் அது தோல்வி இல்லை என்றும் சொன்னேன். எங்களைப் போன்றவர்கள் ஒவ்வொரு முறை இடம்பெயரும்போதும் அதைக் கடைசித் தடவை என்று நினைக்கிறோம். அதனாலேயே பிடிக்காத இடத்திலும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுகிறோம். இது யாரும் துரத்தி ஓடுகிற ஓட்டம் இல்லை. போகவும் வரவும் அவளுக்கு உரிமை உண்டு.

கார்த்திகையில் போகிறாள். என் பழைய கம்பளிக் காலுறைகள் இரண்டு சோடியை எடுத்து வைத்திருக்கிறேன்.