எழுத்துருக் கார்ட்ரிட்ஜும் தரவிறக்க எழுத்துருவும்

எழுத்துருக் கார்ட்ரிட்ஜ் என்பது பழைய லேசர் அச்சுப்பொறிகளில் கூடுதல் எழுத்துருக்களைச் சேர்ப்பதற்காகச் செருகப்படும் சிறு பெட்டியாகும். அதனுள் எழுத்து வடிவங்கள் அழியா நினைவகச் சில்லுகளில் பதிக்கப்பட்டிருக்கும். மைப்பொடி அடங்கிய டோனர் கார்ட்ரிட்ஜ் வேறு, இது வேறு. தரவிறக்க எழுத்துரு என்பது கணினியின் வட்டில் கோப்பாக இருந்து, கம்பி வழியாக அச்சுப்பொறியின் நினைவகத்துக்கு அனுப்பப்படுவது ஆகும்.

பின்னணி

அக்கால மென்பொருள்கள் எழுத்தின் வடிவத்தை அச்சுப்பொறிக்கு அனுப்புவதில்லை. அதன் குறியெண்ணை மட்டுமே அனுப்பின. 65 என்ற எண் வந்தால் 'ஏ' என்னும் ஆங்கிலப் பெரிய எழுத்தின் வடிவத்தை அச்சுப்பொறி தன்னிடமிருந்து எடுத்து அச்சிடும். ஆகவே, அச்சுப்பொறியிடம் இல்லாத எழுத்துரு தாளில் வராது.

1984இல் ஹெச்பி நிறுவனம் வெளியிட்ட முதல் லேசர்ஜெட்டில் 128 கிலோபைட்டு நினைவகமே இருந்தது. அதில் எழுத்துருவைத் தரவிறக்க இயலாது. கார்ட்ரிட்ஜ் ஒன்றே வழி. 1985இல் வந்த லேசர்ஜெட் பிளஸ் 512 கிலோபைட்டு நினைவகத்துடன் தரவிறக்கத்தையும் ஏற்றது. 1987இல் வந்த லேசர்ஜெட் சீரீஸ் II இரண்டு கார்ட்ரிட்ஜ் செருகுமிடங்களைக் கொண்டிருந்தது, தரவிறக்கத்தையும் ஏற்றது. எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி அப்போதுதான் எழுந்தது.

நினைவகக் கணக்கு

இவ்வகை எழுத்துருக்கள் புள்ளிகளால் ஆனவை. ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில், 12 பாயிண்ட் எழுத்தின் கட்டம் 50 × 50, அதாவது 2,500 புள்ளிகள். 24 பாயிண்ட் எழுத்துக்கு அது 10,000 புள்ளிகள். அளவு இரு மடங்கானால் நினைவகத் தேவை நான்கு மடங்காகிறது. ஒவ்வோர் அளவுக்கும், தடித்த வடிவுக்கும், சாய்வு வடிவுக்கும் தனித்தனி எழுத்துரு தேவை. தொடக்ககால மாதிரிகளில் தாளைக் குறுக்குவாக்கில் அச்சிடவும் தனி எழுத்துரு வேண்டும்.

ஒரு முழு ஏ4 பக்கப் படத்துக்கு ஏறத்தாழ 1 மெகாபைட்டு தேவை. 512 கிலோபைட்டு நினைவகத்தில் தரவிறக்க எழுத்துருக்களும் இடம்பிடித்தால் படங்களுக்கான இடம் மேலும் குறையும்.

ஒப்பீடு

கார்ட்ரிட்ஜ் அச்சிட்ட பாடநூலைப் போன்றது. எப்போது திறந்தாலும் பாடம் இருக்கும், ஆனால் மாற்ற முடியாது. தரவிறக்க எழுத்துரு கரும்பலகையில் எழுதியதைப் போன்றது. வேண்டியதை எழுதலாம், ஆனால் அழிந்துவிடும். 'நிரந்தரம்' என்று குறிக்கப்பட்ட தரவிறக்க எழுத்துருவும்கூட மின்சாரத்தை நிறுத்தினால் போய்விடும். நொடிக்கு 9,600 பிட்டு வேகமுள்ள தொடர் இணைப்பில் 50 கிலோபைட்டு எழுத்துருவை அனுப்ப ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆகும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

• கடிதம், விலைப்பட்டியல் போல ஒரே வகை வேலை நாள்தோறும் நடக்கும் இடத்திலும், பலர் ஓர் அச்சுப்பொறியைப் பகிரும் இடத்திலும் கார்ட்ரிட்ஜ் ஏற்றது.
• பெரிய தலைப்புகள், சிறப்புக் குறியீடுகள், கார்ட்ரிட்ஜில் கிடைக்காத எழுத்துமுறைகள் ஆகியவற்றுக்குத் தரவிறக்கமே வழி. அதற்கு முன் நினைவகத்தைக் கூட்டுவது நல்லது.
• படங்கள் மிகுந்த பக்கங்களுக்குக் கார்ட்ரிட்ஜ் எழுத்துருவைப் பயன்படுத்தினால் நினைவகம் மிச்சமாகும்.

கவனிக்க வேண்டியது

கேட்ட எழுத்துரு இல்லையென்றால் இவ்வகை அச்சுப்பொறி பிழை என்று நின்றுவிடுவதில்லை; தன்னிடம் உள்ளவற்றுள் நெருங்கிய ஒன்றைத் தானே எடுத்துக்கொள்கிறது. குறித்தொகுதி, எழுத்து இடைவெளி, உயரம் முதலியவற்றைப் பார்த்த பிறகு, கடைசியாகவே எழுத்துருவின் குடும்பத்தைப் பார்க்கிறது. எழுத்தின் அகலம் மாறும்போது வரிகள் வேறிடத்தில் முறியும். பட்டியலில் எண்கள் நிரல் விலகும். எனவே, பழைய கோப்பை அச்சிடுவோர் அது எந்தக் கார்ட்ரிட்ஜுக்காக அமைக்கப்பட்டது என்பதை முதலில் அறிந்துகொண்டு, ஒரு பக்கத்தை மட்டும் அச்சிட்டுச் சரிபார்க்க வேண்டும்.

முடிவு

1990இல் வந்த லேசர்ஜெட் III, ஒரே வடிவத்தைப் பல அளவுகளில் தானே வரைந்தது. 1992இல் விண்டோஸ் 3.1 ட்ரூடைப் எழுத்துருக்களைக் கொண்டுவந்தது. எழுத்துருவை வழங்கும் பொறுப்பு கணினிக்கு மாறியது. கார்ட்ரிட்ஜின் தேவை படிப்படியாக மறைந்தது.